காருக்கு எழுதிய கேஸ்

கதை முதலில் கிளம்பியது டென்மார்க்கின் எஸ்பியர்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில். ஹோர்சன்ஸில் ஒரு மன்னார்க்காரன் தன்னுடைய காருக்கு அகதி அந்தஸ்துக் கேட்டு விண்ணப்பம் போட்டானாம், அரசாங்கம் நிராகரித்துவிட்டதாம். இஷொய்க்கு வந்து சேர்வதற்குள் கதைக்குச் சதை பிடித்துவிட்டது. காரை நாடுகடத்த உத்தரவு வந்ததாம். ஜெர்மன் எல்லைவரை பொலிஸ் காவலோடு கொண்டுபோக ஏற்பாடாம். ஆள் காருக்குள்ளேயே உண்ணாவிரதம் இருந்தானாம். ஒரு பிறந்தநாள் வீட்டில் இதைச் சொன்னவர் மூன்றாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டே சத்தியம் செய்தார்.

வாய் நிறைய ரோல்ஸோடு செய்யும் சத்தியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. அதுவும் இது விசாரணைக் காலம். தமிழ்ப் பெண்சாதிகளையும் பிள்ளைகளையும் நாட்டுக்குள் வரவிடாமல் மறித்தது யார் என்று கொப்பன்ஹேகனில் அதிகாரிகளைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நாடே விசாரிக்கும்போது ஒரு காரை விசாரிக்காமல் விடுவது நியாயமல்ல. ஹோர்சன்ஸுக்கு ரயிலேறி, தேவாலய வாசலில் ஒருவர், மரக்கறிக் கடையில் ஒருவர், தொழிற்சாலை சைக்கிள் கொட்டகையில் இரண்டு பேர் என்று கேட்டுப் பார்த்ததில், வதந்தியில் முக்கால்வாசி உண்மை என்று தெரிந்தது. கார் உண்மை. கேஸ் உண்மை. நிராகரிப்பும் உண்மை. நாடுகடத்தலும் உண்ணாவிரதமும்தான் பொய். காரின் சொந்தக்காரன் அந்தோனிதாசன் சாப்பாட்டை விடுகிற ஆள் இல்லை.

மன்னார் பேசாலையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டிய கை அவனுடையது. வாய் குறைவு. சும்மா நிற்கும்போதும் யாரோடோ சண்டை பிடித்துவிட்டு வந்தவன்போல ஒரு முகம். 1985இல் டென்மார்க்குக்கு வந்தான். அடுத்த வருஷம் இருக்க அனுமதி கிடைத்தது. 1987 தொடக்கத்தில் மனைவி மேரிகிறேஸைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். சட்டப்படி அது அவன் உரிமை என்று செஞ்சிலுவைப் பெண் ஒருத்தி படிவத்தை நிரப்பும்போது சொன்னாள். உரிமை என்பதால் யாரும் அவசரப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வரும். அவ்வளவுதான்.

வேலை பன்றி இறைச்சித் தொழிற்சாலையில். விடிவதற்கு முன் தொடங்கும் வேலைமுறை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பனிக்காலத்தில் ஒன்பது கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, காது எது பனிக்கட்டி எது என்று தெரியாமல் போய்ச் சேருவான். கார் வாங்கலாம் என்றால், டென்மார்க்கில் ஒரு காருக்குக் கட்டும் பதிவு வரியில் பேசாலையில் இரண்டு வள்ளம் வாங்கலாம்.

அப்போதுதான் கூட வேலை செய்த ஒரு டேனிஷ்காரனின் பெண்சாதி அவனை விட்டுவிட்டுப் போனாள். காரணம் கராஜில் கிடந்தது. பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார். இரண்டு பேர் இருக்கக்கூடிய பைபர்கிளாஸ் உடம்பு, வாங்கி நாலு வருஷமாகியும் ஒரு கதவுகூடப் பூட்டப்படவில்லை. மனம் வெறுத்துப்போன மனுஷன் அதை அந்தோனிதாசனின் தலையில் கட்டும்போது ஒரு ரகசியத்தையும் சேர்த்துக் கொடுத்தான். இந்த உடம்பை ஒரு பழைய வொக்ஸ்வாகனின் அடிச்சட்டத்தில் ஏற்ற வேண்டும். பழைய அடிச்சட்டமும் அதில் குத்திய இலக்கமும் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணுக்கு அது பழைய கார்தான், புதிதாக வரி இல்லை. அடிச்சட்டம் மாறினால் அது புதிய கார். புதிய வரி.

இந்த இரண்டு வசனத்தையும் வாசகர் நினைவில் வைத்திருந்தால் போதும். கேஸை எழுதிய இராசரத்தினத்தாருக்கு அவை தெரிந்திருக்கவில்லை. அதுதான் எல்லா வினையும்.

அந்தோனிதாசன் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் அப்படி ஓர் அடிச்சட்டத்தை அதன் பதிவுத் தாளோடு வாங்கினான். 1988 பனிக்காலமும் வசந்தமும் ஒரு கமக்காரனின் வைக்கோல் கொட்டகையில் கழிந்தன. வீதிப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய புத்தகம் ஒன்றை அந்தோனிதாசன் அகராதியோடு குந்தியிருந்து படித்தான். பக்கத்துக்கு ஒரு வாரம் எடுத்தது. இருக்கைப் பட்டி பூட்டிய இடம் மோதலில் பிய்ந்து வரக்கூடாது என்றது புத்தகம். பைபர் வள்ளத்தில் கொக்கி பூட்டியவனுக்கு இதைப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. பைபரில் நேரே ஆணியை முறுக்கினால் முதல் அலைக்கே கையோடு வரும். ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் உள்ளங்கை அகலத்தில் இரும்புத் தகடு வைத்து, அதை அடிச்சட்டத்தோடு பிணைத்தான்.

வெளிப்புறத்தில் ஆளைக் கிழிக்கிற கூர் விளிம்பு இருக்கக்கூடாது என்று அடுத்த விதி. விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது, பன்றி வெட்டி மரத்துப்போன விரல். கடைக்குப் போய்ப் பெண்கள் போடும் நைலோன் காலுறை ஒரு சோடி வாங்கி வந்தான். அதைக் கையில் மாட்டிக்கொண்டு காரின் உடம்பெல்லாம் தடவினான். நூல் எங்கே இழுபட்டதோ அங்கே அரம். காலுறை கந்தலாகக் கந்தலாகக் கார் வழவழப்பாகியது.

தனியாக இருக்கிற கலியாணம் கட்டின தமிழன் ஒருவன் நைலோன் காலுறை வாங்கினால், அந்தச் செய்தி ஹோர்சன்ஸிலிருந்து மன்னாருக்குப் போக எத்தனை நாள் எடுக்கும்? பதினெட்டு நாள். மேரிகிறேஸின் கடிதத் தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தது. "கார் செய்யிறியளாம், சந்தோசம்," என்று தொடங்கியிருந்தாள். "கடையில் பொம்பிளைக் காலுறையும் வாங்கினியளாம். எந்தக் காருக்குக் காலுறை போடுறது என்று அறியத் தரவும்." அந்தோனிதாசன் விளக்கம் எழுதினான். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அனுப்பினான்.

கடைசியாக அடிச்சட்டத்துக்குத் தார் பூசினான். டென்மார்க்கில் பனிக்காலத்தில் வீதியெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். உப்பென்றால் கடல், கடலென்றால் தார். வள்ளத்தின் அடிக்குப் பூசுவதுபோல மூன்று பூச்சு. அடிச்சட்டத்தில் குத்தியிருந்த இலக்கமும் அதற்குள் சமாதியானது.

கார் தயார். வாகனப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு தாள் குறைந்தது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எப்படிப் பூட்டப்பட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தோனிதாசன் டேனிஷில் எழுதினான்: அடி பழசு. மேல் பெட்டியில் வந்தது. பூட்டியது நான். மூன்று வசனம், மூன்றும் உண்மை. அதை இரண்டு பேருக்குக் காட்டினான். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் போகச் சொன்னார்கள்.

இராசரத்தினத்தார் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் இருபத்திரண்டு வருஷம் எழுதுவினைஞராக இருந்தவர். ஹோர்சன்ஸில் அகதிக் கேஸ் எழுதுவது அவர்தான். சந்தையில் வாங்கிய பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஆங்கிலத்தில் அடிப்பார். எழுதுவதற்குக் கூலி வாங்கமாட்டார், மரியாதை வாங்குவார். அவர் எழுதிக் கொடுத்த கேஸில் ஓர் ஓட்டை இருந்ததாக எந்த அதிகாரியும் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. எல்லாக் கேஸிலும் ஒரே சைக்கிளில் ஒரே மாமரத்தைக் கடந்து ஒரே ஆள்தான் தப்பி ஓடுகிறான் என்று ஒரு அதிகாரி சொன்னதுண்டு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தோனிதாசனின் மூன்று வசனத்தை அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னடாப்பா இது, தந்தி அடிக்கிறியோ?"

"உண்மை அவ்வளவுதான் அண்ணை."

"உண்மையை ஆர் கேட்டது? கேஸைத்தான் கேக்கிறான். அடி பழசு எண்டு நீயே எழுதினால், பிறேக் பிடிக்காது எண்டு அவன் எழுதுவான். நீ போ. நான் பாக்கிறன்."

அவர் பார்த்தார். நாலு நாள் பார்த்தார். பதினொரு பக்கம் வந்தது. காரின் பிறப்பு, வளர்ப்பு, அது டென்மார்க்கை வந்தடைந்த வழி, தற்போதைய நிலை என்று கிரமமாகப் போனது. ஏழாம் பக்கத்தில், பிறேக், ஸ்ரியறிங், அடிச்சட்டம் உட்பட ஒவ்வொரு பாகமும் புத்தம் புதிதாக வாங்கப்பட்டது என்று சத்தியம் செய்தது. பழக்க தோஷத்தில் பதினோராம் பக்கத்தில் வழமையான கடைசி அத்தியாயமும் வந்து உட்கார்ந்துகொண்டது: வந்த இடத்துக்கே, அதாவது பழைய இரும்புக் கிடங்குக்கே, திருப்பி அனுப்பப்பட்டால் மேற்படி வாகனத்தின் உயிருக்கு ஆபத்து உண்டு.

அந்தோனிதாசனுக்கு ஆங்கிலம் வராது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தான். தன்னுடைய சொந்தக் கேஸிலும் அப்படித்தான் வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தில் தன் பிறந்த தேதியும் நாலு இலக்கமும் சேர்ந்த பத்திலக்க ஆள் நம்பரை எழுதினான். இந்த நாட்டில் அந்தப் பத்து இலக்கம் இல்லாமல் பல்லுக் கொதிக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது.

ஓகஸ்டில் கமக்காரனின் இழுவை வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனான். பரிசோதகர் ஹென்னிங் என்பவர். அவருக்குக் கார்களைப் பிடிக்காது. ஆட்களை அதைவிடப் பிடிக்காது. அந்தோனிதாசனின் முகத்தைப் பார்த்தார், அந்தோனிதாசன் அவருடைய முகத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் கண்ணாடி பார்த்ததுபோல இருந்திருக்க வேண்டும்.

மனுஷன் காரோடு மல்லுக்கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்தட்டில் சப்பாத்துக்காலை ஊன்றிக்கொண்டு இருக்கைப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. அடியில் படுத்து இரும்புத் தகடுகளைத் தட்டிப் பார்த்து, ஏமாற்றத்தோடு எழுந்து வந்தார். சக்கரங்களை உருளையில் ஏற்றி பிறேக் பார்த்தார். பிடித்தது. விளிம்புகளைத் தடவினார். விரலில் கீறல் இல்லை. கடைசியில் அளவுகோலை எடுத்து முன் விளக்கின் உயரத்தை அளந்தார். ஐம்பது சென்றிமீற்றர் இருக்க வேண்டியது, நாற்பத்தேழு. அன்று முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது.

மூன்று சென்றிமீற்றர் ஒரு பிரச்சினையே இல்லை, உயர்த்திவிடலாம். ஹென்னிங் மேசைக்குப் போய்ப் பதினொரு பக்கத்தையும் விரித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். நிதானமாக வாசித்தார். ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, அடிச்சட்டமும் புதிதா என்று கேட்டார். அந்தோனிதாசன் பேசாமல் நின்றான். அதிகாரி கேள்வி கேட்டால் எழுதியதற்கு மேல் ஒரு சொல் பேசாதே என்பது இராசரத்தினத்தாரின் போதனை. ஹென்னிங் எழுந்து போய் அடியில் இலக்கத்தைத் தேடினார். தார். திரும்பி வந்து கடைசிப் பக்கத்தையும் வாசித்தார். யாருடைய உயிருக்கு ஆபத்து என்று கேட்டார்.

"நீ எழுதினதைத்தான் நான் எழுதுறன்," என்றார் ஹென்னிங். "அடிச்சட்டம் புதிது. இலக்கம் இல்லை. ஆகவே இது புதிய கார். ஆறு கிழமைக்குள் வேறு அத்தாட்சி வராவிட்டால் முழு வரி."

அத்தனை விதியையும் வென்ற கார், ஒரு பக்கத்து ஆங்கிலத்தில் தோற்றது.

அந்தோனிதாசன் நேரே இராசரத்தினத்தாரிடம் போய், ஏழாம் பக்கம் பிழை என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். பிழை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தான் எழுதியதில் பிழையா? வரி விஷயத்தைத் தனக்கு முதலே சொல்லாதது யார்? பேசாலை மூளைக்கு இவ்வளவுதான் ஓடும் என்றார். கச்சேரி மூளைக்கு பிறேக் இல்லை என்றான் இவன். கொஞ்ச நேரம் ஊர்ப்பெயர்களாலேயே அடிபட்டார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல்தான் இவனைக் குத்தியது.

"முதல் வாக்குமூலத்தை மாத்தினவன் ஆராவது தப்பினதைக் கண்டனியோ? கார்த் தாளிலை என்ன நம்பர் எழுதினனி? பெண்சாதியைக் கூப்பிட எழுதினதும் அதே நம்பர்தானே. அந்தோனிதாசன் பொய் சொல்லுறவன் எண்டு இங்கை ஒருத்தன் எழுதினால், அங்கை அவளின்ரை ஃபைலைத் திறக்கிறவன் அதை வாசிப்பான். கார் வேணுமோ, மேரிகிறேஸ் வேணுமோ? நீயே முடிவெடு."

அந்தோனிதாசன் கொட்டகைக்குப் போய்க் காருக்குள் ஏறி இருந்தான். வதந்தியில் வரும் உண்ணாவிரதம் இந்த இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும், கமக்காரன் கண்டிருக்கிறான். ஆனால் மடியில் பாதி தின்ற ஒரு றாத்தல் பாண் இருந்ததாம்.

அவர் சொன்னது மடத்தனம் என்று இப்போது சிரிக்கலாம். அன்று ஹோர்சன்ஸில் இருந்த எந்தத் தமிழனும் சிரித்திருக்கமாட்டான். ஒன்றரை வருஷமாகப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பஸ்ஸில் ரிக்கற் எடுக்காமல் பிடிபட்டதை நினைத்தான். இன்னொருவன் டேனிஷ் வகுப்புக்குப் போகாமல் ஒளித்ததை நினைத்தான். இவனுக்கு இப்போது ஏழாம் பக்கம்.

விளக்கை உயர்த்தினான். சுருள்வில்லுகளுக்கு மேல் உருக்கு வளையம் வைத்ததில் ஐம்பத்தொன்றுக்கு வந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. கேஸ் அவளுடையது என்றபடியால் முடிவும் அவளுடையதாக இருக்கட்டும் என்று மேரிகிறேஸுக்கு எல்லாவற்றையும் எழுதினான். காரை விட்டுவிடவா, வாக்குமூலத்தை மாற்றவா?

மூன்றாம் கிழமை போனது. நாலாம் கிழமை போனது. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் இவனைக் கண்டதும் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தார்கள். இராசரத்தினத்தார் வேலையைத் தொடங்கியிருந்தார். ஒரு காருக்காக இவன் கதையை மாற்றினால் டென்மார்க்கில் உள்ள அத்தனை தமிழ்ப் பெண்சாதிகளின் கேஸும் பழுதாகும் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார். கொட்டகையில் நின்ற காரின் நாலு சக்கரத்திலும் ஒருநாள் காற்று இல்லை. நாலையும் ஒரே ஆள் திறந்திருக்கமாட்டான், குனிந்து குனிந்து இடுப்பும் நாரியும் விட்டுப்போகும்.

ஆறாம் கிழமையின் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. கெடு வெள்ளிக்கிழமை. மேரிகிறேஸ் முதல் பக்கம் முழுவதையும் நைலோன் காலுறைக்கே ஒதுக்கியிருந்தாள். விளக்கம் கிடைத்ததாகவும், அதை மாமிக்கும் வாசித்துக் காட்டியதாகவும், மாமியும் நம்பவில்லை என்றும் எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் நாலு வரிதான்.

"கேஸை மாற்றாதே என்று சொன்ன அந்தப் பெரிய மனுசன் தன்ர பெண்சாதியைக் கூப்பிட்டுப் போட்டாரோ? அவவும் இன்னும் ஊரில்தான் எண்டால், அவர் எழுதின கேஸும் நீங்கள் எழுதின கேஸும் ஒரே இடத்திலதான் கிடக்கு. பிறகு எதுக்கு அவரிட்டக் கேக்கிறியள்?"

அந்தோனிதாசன் கடிதத்தை மடித்தான். இராசரத்தினத்தாரின் மனைவி ராசமலர் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தாள். டென்மார்க்கிலேயே ஓட்டையில்லாத கேஸ் அவளுக்கு எழுதப்பட்டதுதான், நாற்பது பக்கம். இவன் விண்ணப்பித்த அதே மாதம் போட்டது. அதற்கும் இதே கடிதம்தான் வந்துகொண்டிருந்தது: பரிசீலனையில் இருக்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒருவரும் அந்தப் பக்கமாக நின்று பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கார் மறுபடி இழுவை வண்டியில் ஏறியது. ஹென்னிங் வாசலில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார், வா என்று சொல்லவில்லை. அந்தோனிதாசன் ஆறு கிழமையாக மனதில் கட்டி வைத்திருந்த டேனிஷைக் கொட்டினான். காகிதம் பொய். அடிச்சட்டம் பழையது. இலக்கம் தாருக்குக் கீழே இருக்கிறது.

எந்தப் பக்கம் பொய் என்று கேட்டார் ஹென்னிங். ஏழாம் பக்கம் என்றான்.

"மற்றப் பத்துப் பக்கமும்?"

"நான் வாசிக்கேல்லை."

ஹென்னிங் சிரிக்கவில்லை. உள்ளே போனார். பொலிசுக்குப் போன் அடிக்கப் போகிறார் என்று இவன் நினைத்தான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கம்பிப் பிரஷ் இருந்தது. மரப்பிடியில் நீலப் பெயின்ற்றால் நிலையத்தின் இலக்கம் எழுதியிருந்தது. காரைக் காட்டி, சுரண்டு என்றார்.

மூன்று பூச்சுத் தார். வள்ளத்துக்குப் பூசுவதுபோல மனம் வைத்துப் பூசிய தார். ஒரு மணித்தியாலம் சுரண்டினான். ஹென்னிங் இரண்டாவது கோப்பியோடு வந்து மேலே நின்று, இவ்வளவு தார் ஒரு காருக்கு எதற்கு, கப்பலா ஓட்டப்போகிறாய் என்று கேட்டார். மனுஷன் விட்ட முதல் பகிடி. அந்தோனிதாசன் அதைப் பகிடி என்று எடுக்கவில்லை. உங்கள் நாட்டு உப்புக்குத்தான் என்றான். கடைசியில் ஒன்று வெளியே வந்தது, பிறகு ஏழு, பிறகு மூன்று. முழு இலக்கமும் தெரிந்ததும் ஹென்னிங் முழங்காலில் இருந்து பழைய பதிவுத் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒரு இலக்கமாவது மாறி இருக்கக்கூடாதா என்று ஏங்கியதுபோல இரண்டு தரம் பார்த்தார். எல்லாம் சரி. விளக்கை அளந்தார். ஐம்பத்தொன்று.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். முன்னர் கொடுத்த வாக்குமூலம் பிழையானது என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, அதற்குக் கீழே ஆள் நம்பர்.

அந்தோனிதாசன் கையெழுத்து வைத்தான். பிறந்த தேதியின் ஆறு இலக்கமும் எழுதினான். நடுவில் வரும் சின்னக் கோட்டையும் போட்டான். அதோடு கை நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு இலக்கம். அதை எழுதினால் இந்தத் தாள் தானாக எழுந்து கொப்பன்ஹேகனுக்கு நடந்து போய், மேரிகிறேஸின் ஃபைலுக்குள் படுத்துக்கொள்ளும் என்பதுபோல இருந்தது. ஹென்னிங் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். உன்னுடைய நம்பர் உனக்கே தெரியாதா என்று உறுமினார்.

நாலு இலக்கத்தையும் எழுதினான். ஹென்னிங் ஏழாம் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, முத்திரையை மேசை அதிரக் குத்தினார். எஞ்சின் பக்கத்துத் தாரையும் சுரண்டி எடு, சூட்டுக்கு எரியும், பிரஷைக் கொண்டுபோ, திங்கட்கிழமை திருப்பிக் கொண்டு வா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அந்தோனிதாசன் வேலைக்குக் காரில் போனான். காது காதாகவே இருந்தது. ஆனால் வீடு திரும்பியதும் காரைவிட்டு இறங்குவதற்கு முன் தபால் பெட்டியைத்தான் பார்ப்பான். நிராகரிப்பு வரும், அதில் ஏழாம் பக்கம் என்று எழுதியிருக்கும். தினமும் அதே பயம். ஒருவனும் அவன் காரில் ஏறவில்லை. ஏறினால் தங்கள் ஃபைலிலும் எழுதப்படும் என்ற நினைப்பு.

1989 ஜனவரியில், இந்த ஃபைல்களுக்குப் பொறுப்பான நீதி அமைச்சர் அந்தப் பதவியில் இல்லை. வசந்தத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. மேரிகிறேஸுக்கு அனுமதி யூனில் வந்தது. ராசமலருக்கும் அதே கிழமை, அதே வசனத்தில், அதே கையெழுத்தில். கேஸ் எழுதிய விதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று இராசரத்தினத்தார் சொன்னார். மேரிகிறேஸுக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, தன் கேஸின் நல்ல காற்று அங்கேயும் அடித்திருக்கும் என்றார். காருக்கு அகதி அந்தஸ்துக் கேட்டுப் பல்லிளித்தவன் என்று எஸ்பியர்க்கிலிருந்த மச்சானுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் வதந்தியின் தலை இருக்கிறது. அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதியது யார் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

இப்போது விசாரணையில் வெளியே வருகிறது. தமிழரின் ஃபைல்களை அடியில் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்பதுதான் மேலிடத்துச் சொல்லாம். ஒன்றரை வருஷமாக அவை கிடந்த இடத்தில் கிடந்தன. அந்தோனிதாசன் பொய் சொன்னானா, இராசரத்தினத்தார் நாற்பது பக்கம் எழுதினாரா என்று பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. இவனுடைய ஏழாம் பக்கம் தானாக நடந்து போயிருந்தாலும், கதவைத் திறந்துவிட ஆள் இருந்திருக்காது.

மேரிகிறேஸை அழைத்துவர அந்தோனிதாசன் கடலைத் தாண்ட ஒரு கப்பலேறி, கொப்பன்ஹேகன் விமான நிலையம்வரை அந்தக் காரில்தான் போனான். நாலு வருஷத்துக்குப் பிறகு கண்ட புருஷனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். காரையும் மேலும் கீழும் பார்த்தாள். பட்டியைப் போட்டுவிட்டபோது இறுக்கமாக இருக்கிறது என்றாள். மூக்கைச் சுளித்து, வள்ளத்து நாற்றம் அடிக்கிறது என்றாள். ஹோர்சன்ஸ் வந்து சேர்ந்ததும் வீட்டுக்குள் போகவில்லை.

"எங்கை அந்தக் காலுறை?"

கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கியது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசல்களை எண்ணினாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு காரின் மட்காட்டில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒருதரம் தடவினாள். முக்கால்வாசி நம்புகிறேன் என்றாள். மிச்சக் காலுக்கு இன்றுவரை விசாரணை நடக்கிறது.

பக்கத்து ஆணியில் தொங்கிய கம்பிப் பிரஷையும் அவள் விடவில்லை. அடிப்பிடித்த மீன் சட்டிக்கு அதைப்போல ஒன்று மன்னாரிலும் கிடைக்காதாம். நீல இலக்கம் பாதி அழிந்துவிட்டது, கம்பிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஹென்னிங் சொன்ன திங்கட்கிழமை அந்தோனிதாசனுக்கு வேலைமுறை மாறியிருந்தது. அடுத்த திங்கள் நிலையம் பூட்டு. அதற்குப் பிறகு மறதி, அவள் வந்த பிறகு எல்லாத் திங்களிலும் சட்டி இருந்தது. போன மாதம் சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது ஹென்னிங் எதிரே வந்தாராம். காரைப் பற்றிக் கேட்கவில்லை, பெண்சாதி வந்தாளா என்றும் கேட்கவில்லை.

"பிரஷ்," என்றாராம்.

திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறான் அந்தோனிதாசன். அதற்குப் பிறகு நாலு திங்கட்கிழமை போய்விட்டது.